விதூஷகனின் சங்கீதம்

தன் வாழ்க்கையைத் தானே எழுத உட்காரும் ஒரு ஹாஸ்ய நடிகனிடம் வாசகர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் சிரிப்பின் ரகசியத்தைத்தான். 1964-ஆம் ஆண்டு, எழுபத்தைந்து வயதில், சார்லி சாப்ளின் தமது சுயசரிதையை வெளியிட்டபோதும் உலகம் அதையே எதிர்பார்த்தது. அந்தப் பெரிய நூலைப் பொறுமையுடன் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பைப் பற்றிக் கிடைப்பது சொற்பம். இரண்டாவது மனைவியின் பெயர்கூட அதில் இல்லை. தம்முடன் பல காலம் உழைத்தவர்களில் பலருக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடமில்லை. ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவிலே தம்மோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பிற்காலத்தில் தாமும் பெரும் ஹாஸ்ய நடிகராகப் புகழ்பெற்ற ஸ்டான் லாரலைப் பற்றி ஏதும் சொல்லாமலே அவர் கடந்து போகிறார். இவ்வளவு விஷயங்களை மறைத்துக்கொண்ட மனிதர், சங்கீதம் குறுக்கிடும் இடங்களில் மட்டும் எவ்விதத் தற்காப்புமின்றி மனத்தைத் திறந்து விடுகிறார் என்பதே அந்த நூலைப் பற்றி எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயம். அந்த இடங்களை மாத்திரம் தொகுத்து, அவருடைய படங்களோடு வைத்துப் பார்த்தால், அச்சான சுயசரிதையைக் காட்டிலும் உண்மையான ஒரு சரிதம் நமக்குக் கிட்டும் என்பது என் துணிபு.

சாப்ளின் 1889 ஏப்ரல் 16-ஆம் தேதி லண்டனில் பிறந்தவர். தாயும் தந்தையும் பாட்டுக் கலைஞர்கள்; அக்காலத்து இங்கிலாந்தில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் சிறு வியாபாரிகளும் மாலை வேளைகளில் கூடிக் குடித்துக்கொண்டே பாட்டும் கூத்தும் கேட்ட 'மியூசிக் ஹால்' என்னும் அரங்குகளே அவர்களுடைய ஜீவனோபாயம். தந்தையின் படம் பொறித்த பாட்டுப் புத்தகங்கள் கடைகளில் விற்கும் அளவுக்கு அவருக்குப் பெயர் இருந்தது. குடியினால் உடல் கெட்டு 1901-இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல், அவர் இறந்து போனார். தாய் ஹன்னா, லில்லி ஹார்லி என்ற மேடைப் பெயருடன் பாடியவர். அவருடைய குரல் அடிக்கடி கம்மிப் போகத் தொடங்கியது; குரல் போனதும் வேலை போயிற்று; வேலை போனதும் வீடு போயிற்று. 1896-இல் தாயும் இரு பிள்ளைகளும் லாம்பெத் வட்டாரத்து ஏழைகள் விடுதியின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. பிள்ளைகளை ஹான்வெல் என்னுமிடத்து ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு தாயின் புத்தியும் பேதலித்து, அவர் சித்த சுவாதீனமற்றோர் விடுதிக்கும் வீட்டுக்குமாக அலைய நேர்ந்தது.

அந்தக் குரல் போன கதையில்தான் சாப்ளினுடைய மேடை வாழ்க்கை ஆரம்பமாகிறது. ஆல்டர்ஷாட் என்ற ராணுவ நகரத்தில், சிப்பாய்கள் நிறைந்த ஓர் அரங்கில் தாய் பாடிக்கொண்டிருந்தபோது குரல் உடைந்து கிசுகிசுப்பாகிவிட்டது. கூட்டம் கேலிக் கூச்சலிட்டது. அவர் மேடையை விட்டு இறங்கினார். அரங்க மேலாளர் ஐந்து வயதுச் சிறுவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து மேடையில் நிறுத்தினார். சிறுவன் அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்ட 'ஜாக் ஜோன்ஸ்' என்ற பாட்டைப் பாடத் தொடங்கினான். காசுகள் வந்து விழுந்தன. காசைப் பொறுக்கிவிட்டுப் பிறகு பாடுகிறேன் என்று அவன் சபையிடம் சொன்னதற்குச் சிரிப்பு எழுந்தது. அவற்றை எடுக்க உதவிக்கு வந்த மேலாளர் தாமே வைத்துக்கொள்வாரோ என்று பயந்து அவர் பின்னாலேயே ஓடியதற்குச் சிரிப்பு இன்னும் பலமாயிற்று. பிறகு தாய் பாடும் பாடல்களில் ஒன்றைப் பாடிக் காட்டுகையில், அறியாத்தனத்தால் அவர் குரல் உடைந்ததையும் சேர்த்தே அவன் பாடிக் காட்டினான். கரகோஷம் அரங்கை நிறைத்தது. அன்று மகனுடைய முதல் மேடை. தாய்க்கு அதுவே கடைசி மேடை என்று சாப்ளின் எழுதுகிறார்.

இந்தச் சம்பவத்துக்கு அவருடைய ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சியமில்லை. ஐந்து வயதின் ஞாபகத்தை எழுபது வயதுக்கு மேல் எழுத்தில் வடிக்கையில் கற்பனை எவ்வளவு கலந்திருக்கும் என்று கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு கலைஞன் தன் பிறப்பாக எதைக் கொள்கிறான் என்பதற்கு இது போதுமான பிரமாணம். தாயின் அவமானத்தைத் தான் அபிநயித்துக் காட்டியதற்குக் கிடைத்த சிரிப்பே தன் முதல் வெற்றி என்று நினைக்கும் மனிதனுக்குச் சிரிப்பு ஒருநாளும் களங்கமற்ற சந்தோஷமாக இருந்திருக்க முடியாது. அவர் பின்னால் சிரிப்புக்குப் பக்கத்திலேயே வேறொன்றை வைக்க விரும்பியதற்கு வேர் இங்கே இருக்கிறது என்று கருதுகிறேன்.

அந்த வேறொன்று அவரைத் தேடி வந்தது கென்னிங்டன் கிராஸ் என்ற நாற்சந்தியில். தந்தையின் வீட்டில் சில காலம் இருக்க நேர்ந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டில் யாருமில்லாமல், பசியோடு தெருவில் அலைந்து அந்தச் சந்தியில் அவன் உட்கார்ந்திருந்தான். நள்ளிரவில் எதிரே இருந்த மதுக்கடையின் முகப்பிலிருந்து இசை எழுந்தது. 'தி ஹனிசக்கிள் அண்ட் தி பீ' என்ற காதல் பாட்டின் மெட்டு. வாசித்தவர்கள் இரண்டு தெருப் பாடகர்கள். சங்கீதம் என்று ஒன்று உலகில் இருப்பதை முதன் முதலாகத் தாம் அறிந்தது அங்கேதான் என்று சாப்ளின் இரு முறை, நாற்பதாண்டு இடைவெளியில், எழுதியிருக்கிறார்: ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்று வந்ததை வர்ணிக்கும் 1922-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு முறை, 1964-ஆம் ஆண்டுச் சுயசரிதையில் மற்றொரு முறை. முந்தைய நூலில் கிளாரினெட்டுடன் சேர்ந்து ஒலித்தது வாயால் ஊதும் ஹார்மோனிகா. பிந்தையதில் அது ஹார்மோனியம் ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அந்தப் பாட்டு அச்சாகி வெளிவந்தது 1901-இல். தந்தையின் வீட்டில் சிறுவன் இருந்த காலம் 1898. ஆகவே அந்த இரவில் அந்த மெட்டை அவன் கேட்டிருக்க இயலாது.

இதைப் பொய் என்று தள்ளுவது எளிது. அப்படித் தள்ளுகிறவர்கள் ஞாபகத்தின் தர்மத்தை அறியாதவர்கள். மெட்டு பின்னால் கேட்டதாயிருக்கலாம். பசியும் இருளும் முன்னால் அனுபவித்தவையாயிருக்கலாம். இரண்டையும் ஒரே இரவில் சேர்த்துவைத்தது அவருடைய மனத்தின் தேவை. உயர்ந்த ரசிகர்கள் கூடிய சபையில் அல்லாமல், யாருமற்ற தெருவில், கைவிடப்பட்ட ஒரு குழந்தைக்குச் சங்கீதம் எதிர்பாராமல் வந்து வாய்த்தது என்பதே அவர் வேண்டிய செய்தி. ஹார்மோனியம் வாசித்தவர் கண்ணிழந்தவர் என்று சுயசரிதை சொல்கிறது; அதைப் படிக்கையில் 'சிட்டி லைட்ஸ்' படத்துப் பார்வையற்ற பூக்காரி நினைவுக்கு வராமலிருப்பது அரிது. தெருப் பாடகரிடமிருந்து பூக்காரி வந்தாளா, பூக்காரியைப் படைத்த பிறகு பாடகருக்குக் கண் போயிற்றா என்பதைத் தீர்மானிக்க வழியில்லை.

இளமையில் அவர் கொண்டிருந்த லட்சியம் சங்கீத வித்துவானாவதே. பதினாறாம் வயது முதல், தங்கிய வாடகை அறைகளில் நாள்தோறும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை வயலினும் செல்லோவும் சாதகம் செய்தார். ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழு எந்த அரங்கில் ஆடியதோ அந்த அரங்கின் வாத்தியக் குழுத் தலைவரிடமே பாடம் கேட்டார். இடது கையால் வில்லைப் பிடித்தவராதலால் தந்திகளையும் வாத்தியத்தின் உள்ளமைப்பையும் அதற்கேற்ப இடம் மாற்றிய வயலினை வைத்திருந்தார். பிற்காலத்து வர்ணனைகளில் வினோதமாகப் பேசப்படும் இந்த விவரம், எனக்கு அவருடைய பிடிவாதத்தின் அடையாளமாகப் படுகிறது. தேர்ந்த வித்துவானாகத் தம்மால் ஆக முடியாதென்று உணர்ந்து அந்த ஆசையைக் கைவிட்டதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். 1909-இல் பாரிஸ் நகரத்து ஃபோலி பெர்ஜேர் அரங்கில் கார்னோ குழுவோடு அவர் நடித்தபோது, சபையிலிருந்த ஒரு பெரியவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் அவரை அழைத்து, இயல்பிலேயே சங்கீதமும் நடனமும் கைவந்தவரென்று பாராட்டினார். அவர் க்ளோத் தெபூஸி என்னும் மாபெரும் பிரெஞ்சு இசை மேதை என்று சொன்ன பிறகும் சாப்ளினுக்கு அந்தப் பெயர் புரியவில்லை.

ஏழாண்டுகளுக்குப் பின், 1916-இல், வாரத்துக்குப் பதினாயிரம் டாலர் சம்பளத்தில் மியூச்சுவல் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள நியூயார்க் வந்திருந்த சமயம், உலகமே தம்மைக் கொண்டாடும்போது தமக்குப் பேசத் துணையில்லையென்று தனிமையில் தவித்தவர், மெட்ரோபாலிடன் அரங்கிற்குள் நுழைந்து வாக்னருடைய 'டான்ஹாய்ஸர்' இசை நாடகத்தைக் கேட்டார். பாஷை ஜெர்மன், கதையும் தெரியாது. யாத்திரிகர்கள் கோஷ்டி கானம் பாட, இறந்துபோன நாயகியின் உடலைச் சுமந்து வருகிற கட்டத்தில் அவர் அடக்கமாட்டாமல் அழுதார். தம் வாழ்க்கையின் துன்பம் முழுவதும் அதில் அடங்கியிருந்ததாக உணர்ந்தார். உலகத்தில் யாருக்கும் கிடைக்காத சம்பளமும் புகழும் கைக்கு வந்த வாரத்திலே நடந்தது இது. அதே ஆண்டில் அவர் தம் பெயரால் ஒரு சங்கீதப் பிரசுராலயம் தொடங்கி, தாம் இயற்றிய பாட்டுக்களில் இரண்டாயிரம் பிரதிகள் அச்சிட்டதும், அவற்றில் மூன்றே விற்றதும் தனிக் கதை.

திரைப்படம் பேசாத நாட்களில் சங்கீதம் நடிகனின் வசத்தில் இல்லை. படம் ஓடும் கொட்டகைக்காரர் வைத்ததே இசை. பெரிய நகரமானால் வாத்தியக் கோஷ்டி, சிற்றூரானால் ஒரு பியானோ. ஒரே படம் ஓர் ஊரில் ஒரு மெட்டோடும் வேறோர் ஊரில் வேறொன்றோடும் ஓடும். ஆயினும் சாப்ளினுடைய படங்களுக்குள்ளே சங்கீதம் மறைவாக வேலை செய்துகொண்டிருந்தது. எளிய மெட்டுக்களே தமக்குக் காட்சிகளைத் தோற்றுவித்தன என்று அவர் சொல்கிறார்: 1914-இல் எடுத்த 'ட்வென்டி மினிட்ஸ் ஆஃப் லவ்' என்ற சிறு படத்துக்கு அந்நாளில் பிரபலமாயிருந்த ஒரு நடன மெட்டு, 'தி கோல்ட் ரஷ்' படத்துக்கு ஸ்காட்லாந்து மக்கள் வருஷப் பிறப்பன்று பாடும் 'ஆல்ட் லாங் சைன்', 'சிட்டி லைட்ஸ்' படத்துக்கு ஸ்பானியரான ஹோசே பதீயாவின் 'லா வியோலெதேரா'. ஊமைப் படத்தில் அவர் நடக்கும் நடையை நிதானமாகப் பார்த்தால், திரும்புவதும் நிற்பதும் தொப்பியை எடுப்பதும் தாளக் கணக்கோடு இருப்பது தெரியும். எட்டுச் சிறுவர் கொண்ட லங்காஷயர் நடனக் குழுவிலே மரச் செருப்பணிந்து ஆடிய பால்யத்துப் பயிற்சி அந்தக் கால்களை விட்டு நீங்கவேயில்லை.

1927-இல் படங்கள் பேசத் தொடங்கியபின் மற்றவர்களுக்கு வாய்த்தது வசனம். சாப்ளினுக்கு வாய்த்தது சங்கீதம். பேச்சை அவர் ஏற்கவில்லை. ஆனால் படச்சுருளின் ஓரத்தில் ஒலியைப் பதிக்கலாம் என்ற வசதி, இதுவரை கொட்டகைக்காரர் கையிலிருந்த அதிகாரத்தைத் தம் கைக்கு மாற்றுகிறதென்பதை அவர் உடனே கண்டுகொண்டார். 1931 ஜனவரி 30-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் முதன் முதலாகத் திரையிடப்பட்ட 'சிட்டி லைட்ஸ்' படத்தில் மனிதர் பேச்சு ஒன்றுமில்லை; சிலை திறப்பு விழாவில் பிரமுகர்களின் சொற்பொழிவு பீப்பீ என்னும் வெற்று ஓசையாக வருகிறது. சங்கீதமோ ஆரம்பம் முதல் முடிவு வரை அவருடையது.

அந்த இசையை அமைக்கையில் அவருக்கும் உதவியாளர்களுக்கும் நேர்ந்த கருத்து வேற்றுமையில்தான் அவருடைய கலைத் தத்துவம் தெளிவாகிறது. ஹாஸ்யப் படமென்றால் இசையும் ஹாஸ்யமாயிருக்க வேண்டுமென்று அவர்கள் நினைத்தார்கள். நாயகன் வழுக்கி விழுந்தால் வாத்தியமும் வழுக்கி விழ வேண்டும். சாப்ளின் அதை மறுத்தார். தாம் நடித்த நாடோடிப் பாத்திரத்தைச் சுற்றி நளினமும் காதலும் நிறைந்த இசையே ஒலிக்க வேண்டுமென்றும், தம்மோடு போட்டியிட்டுச் சிரிப்பு மூட்டும் வேலை வாத்தியங்களுக்கு வேண்டாமென்றும் அவர் வற்புறுத்தினார். கிழிந்த உடுப்பணிந்தவனுக்குக் கண்ணியத்தை எங்கிருந்து தருவது? உடை தராது, உத்தியோகம் தராது, சுற்றியுள்ள மனிதர் தரமாட்டார். இசை ஒன்றே அதைத் தர வல்லது. திரையிலே உலகம் அவனை உதைத்துக்கொண்டிருக்கையில், திரைக்குப் பின்னே வயலின்கள் அவனை ஒரு பிரபுவாக உபசரிக்கின்றன. படத்தின் கடைசிக் காட்சியில், கண் கிடைத்த பூக்காரி கையைத் தொட்டு அவனை இன்னாரென்று அறியும்போது நாம் அழுவது, நடிப்பினால் எவ்வளவோ அவ்வளவு இந்த உபசாரத்தினாலும்தான். கென்னிங்டன் சந்தியில் பசித்த குழந்தைக்கு நள்ளிரவில் கிடைத்ததை அவர் தம் நாடோடிக்குப் படம் முழுவதும் வழங்கினார்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்தைப் பரிசீலிக்க வேண்டும். சாப்ளினுக்கு ஸ்வரம் எழுதவோ படிக்கவோ தெரியாது. மெட்டை வாயால் முணுமுணுப்பார், அல்லது பியானோவில் தட்டுத் தடுமாறி வாசித்துக் காட்டுவார். அதை எழுதி வாத்தியங்களுக்குப் பங்கிட்டவர்கள் பிறர். 'சிட்டி லைட்ஸ்' படத்தில் ஆர்தர் ஜான்ஸ்டன் எழுத, ஆல்ஃபிரட் நியூமன் கோஷ்டியை நடத்தினார். பூக்காரியின் மெட்டோ பதீயாவினுடையது. அதற்காக அவர் பாரிஸில் தொடுத்த வழக்கில் சாப்ளின் தோற்றார். அங்ஙனமாயின் சங்கீதகர்த்தா என்ற பட்டம் அவருக்குப் பொருந்துமா? 1936-ஆம் ஆண்டு வெளியான 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்கு உதவியாளராக வந்த டேவிட் ராக்ஸின் இதற்குச் சிறந்த சாட்சி. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. மெட்டுக்களைப் பற்றி எதிர்வாதம் செய்ததற்காகச் சில நாட்களிலேயே சாப்ளின் அவரை வேலையிலிருந்து நீக்கினார்; அவருடைய குறிப்புக்களைப் பார்த்த நியூமன் பரிந்து பேசியதன்மேல் திரும்ப அழைக்கப்பட்டார்; மாதக் கணக்கில் இருவரும் பியானோவருகே உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் சொல்லிச் சொல்லித் திருத்தினார்கள். சாப்ளின் கொண்டுவந்தவை பெரும்பாலும் சிறு துணுக்குகளே என்பதையும், அத்துணுக்குகளின் குணம் இன்னதாக இருக்க வேண்டுமென்பதில் அவருக்கிருந்த தெளிவு அசாதாரணமானது என்பதையும் ராக்ஸின் பின்னாட்களில் நேர்மையோடு பதிவு செய்தார். செவி வழியே சங்கீதத்தைக் காத்து வந்த மரபினராகிய நமக்கு, எழுத்தறியாமை படைப்பாளியின் உரிமையைப் பறித்துவிடுமென்ற வாதம் பலவீனமாகவே தோன்றும். ஆனால் உதவியாளரின் பங்கைச் சுயசரிதையிலே தாராளமாகச் சொல்லியிருக்கலாம் என்ற குறையைச் சாப்ளின்மேல் சுமத்தத்தான் வேண்டும். அநாதையாகத் தொடங்கி எல்லாவற்றையும் தாமே செய்ததாக நம்ப விரும்பிய மனிதரின் பலவீனம் அது.

'மாடர்ன் டைம்ஸ்' படத்தின் காதல் மெட்டுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வேறு இருவர் வார்த்தைகள் சேர்க்க, நாட் கிங் கோல் பாடி, 'ஸ்மைல்' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. எனக்கு அதைக் காட்டிலும் அர்த்த புஷ்டியுள்ளதாகத் தோன்றுவது அதே படத்தில் நாடோடி பாடும் பாட்டு. ஓட்டல் வேலையாளாக நுழைந்தவன் சபைக்கு முன் பாட வேண்டும். வார்த்தைகள் மறந்து போகுமென்று சட்டைக் கையின் நுனியில் எழுதி வைத்திருக்கிறான். கையை வீசிய வேகத்தில் அந்தத் துணியே கழன்று பறந்துவிடுகிறது. என்ன செய்வதென்று விழித்தவன், பிரெஞ்சும் இத்தாலியும் போல ஒலிக்கிற, எந்த பாஷையிலும் இல்லாத சொற்களைக் கொண்டு 'தித்தீன்' என்ற மெட்டில் பாடி, அபிநயத்தினாலேயே கதை முழுவதையும் உணர்த்திச் சபையை வென்றுவிடுகிறான். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேசாதிருந்த அந்த உருவத்தின் குரலை உலகம் முதன் முதலாகக் கேட்டது அப்போதுதான். கேலிக்குத் தயாராயிருக்கும் சபை, மேடையில் கைவிட்டுப் போன பாட்டு, திடீரென்று தள்ளிவிடப்பட்ட ஒருவன்: ஆல்டர்ஷாட் அரங்கின் அம்சங்கள் அத்தனையும் இங்கே மீண்டும் கூடியிருக்கின்றன, பாட்டு உடைந்தும் பாடுகிறவன் தோற்கவில்லை என்ற ஒரே மாறுதலுடன்.

1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் அவர் வாய் திறந்து பேசினார். அப்படத்தின் நாயகிக்கு அவர் இட்ட பெயர் ஹன்னா. பன்னிரண்டாண்டுகளுக்கு முன் காலமான தாயின் பெயர். உலக உருண்டையைப் பந்தாகத் தட்டிக்கொண்டு சர்வாதிகாரி ஆடும் காட்சிக்கு வாக்னருடைய 'லோஹென்கிரின்' முன்னிசையை வைத்தவர், படத்தின் முடிவில், நம்பிக்கையிழந்து தரையில் கிடக்கும் ஹன்னா தொலைவிலிருந்து வரும் குரலைக் கேட்டு முகம் நிமிர்த்தும்போதும் அதே முன்னிசையை வைத்தார். ஹிட்லர் போற்றிய சங்கீதகர்த்தாவின் இசையை, யூதப் பெண் ஒருத்தியின் மீட்சிக்கு எடுத்துக் கொடுத்த துணிச்சலை விமர்சகர்கள் போதிய அளவு பாராட்டியதாகத் தெரியவில்லை. மேன்மையான இசை கொடியவனிடத்தில் சிறைப்பட்டிருப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

'லைம்லைட்' 1952-இல் வந்தது. திரைக் கதைக்கு முன் அதை ஒரு குறுநாவலாக அவர் எழுதிப் பார்த்தார். அந்த நாவல் 2014-இல்தான் அச்சாயிற்று. 1914-ஆம் ஆண்டு லண்டன். ஒருகாலத்தில் சபையைச் சிரிப்பில் ஆழ்த்திய கால்வெரோ என்னும் கோமாளி, இப்போது குடியனாய், யாரும் சீந்தாதவனாய் இருக்கிறான். கனவிலே பாடியாடி முடித்து வணங்கி நிமிர்ந்தால் இருக்கைகள் காலியாயிருக்கின்றன. தற்கொலைக்கு முயன்ற இளம் நாட்டியக்காரியை அவன் காப்பாற்றுகிறான். அவள் மேலேறுகிறாள், அவன் கீழிறங்குகிறான். அதில் வரும் பாலே நடனத்துக்கான இசையைச் சாப்ளின் முதலில் அமைத்துவிட்டு, ஆந்த்ரே எக்லெவ்ஸ்கி, மெலிஸ்ஸா ஹேடன் என்னும் புகழ்பெற்ற நடனமணிகளை வரவழைத்துக் கேட்கச் செய்தார். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கையில் தாம் கூசியதையும், அந்த இசைக்கு அவர்கள் ஆடியதைக் கண்டபோது அடைந்த பெருமிதத்தையும் அவர் எழுதியுள்ள பகுதி, தம் நடிப்பைப் பற்றி எங்கும் அவர் எழுதாத வாஞ்சையோடு அமைந்திருக்கிறது.

படத்தின் உச்சம், பஸ்டர் கீட்டன் பியானோவிலும் சாப்ளின் வயலினிலுமாக நிகழ்த்தும் கச்சேரி. காகிதங்கள் சரிகின்றன; பியானோவின் தந்திகள் அறுந்து வெளியே சுருள்கின்றன; வயலின் காலடியில் நசுங்குகிறது. ஊமைப் படத்தின் இரு பேரரசர்கள், இருவரும் வயோதிகத்தின் வாசலில், ஒரு சொல்லும் பேசாமல் வாத்தியங்களோடு போராடுகிறார்கள். பிறகு வேறொரு வயலின் வருகிறது; இடக்கை வில் பாய, கோமாளி ஆவேசமாக வாசித்து, வாசித்தபடியே மேடையிலிருந்து உருண்டு வாத்தியக்காரர்களின் முரசுக்குள் விழுகிறான். சபை ஹாஸ்யமென்று ஆர்ப்பரிக்கிறது, அவனுக்கு மாரடைத்துவிட்டது. வித்துவானாக முடியாதென்று இளமையில் வயலினைக் கீழே வைத்த மனிதர், அந்தத் தோல்வியையும் உபயோகமற்றுப் போக விடவில்லை.

இந்தப் படத்தை லண்டனில் திரையிடக் கப்பலேறிச் செல்லும் வழியில்தான், அவர் அமெரிக்காவுக்குத் திரும்பும் அனுமதியை அந்நாட்டு அரசாங்கம் ரத்து செய்தது. அவர் ஸ்விட்ஸர்லாந்தில் வேவே நகரருகே குடியேறினார். அங்கே அண்டையில் வாழ்ந்த பியானோ மேதை கிளாரா ஹாஸ்கில் அவருக்கு நெருங்கிய சிநேகிதியானார். தம் வாழ்வில் மேதைகளென்று தாம் சந்தித்தவர் மூவரே என்று கூறி, ஐன்ஸ்டைனுக்கும் சர்ச்சிலுக்கும் அடுத்து அந்த அம்மையாரின் பெயரைச் சாப்ளின் சொல்வார். உடல் தளர்ந்து நடிக்க முடியாத பிராயத்தில் அவர் தினந்தோறும் செய்த தொழில் சங்கீதமே. எரிக் ஜேம்ஸ் என்ற பியானோக் கலைஞரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, ஊமையாக விட்டுவந்த பழைய படங்களுக்கு ஒவ்வொன்றாக இசை சேர்த்தார். 1928-ஆம் ஆண்டுப் படமான 'தி சர்க்கஸ்' மீண்டும் வந்தபோது அதன் முகப்புப் பாட்டை ஏறக்குறைய எண்பது வயதில் தாமே பாடினார். 'தி கிட்' 1971-இல் அவருடைய இசையோடு வெளிவந்தது. 'லைம்லைட்' அமெரிக்காவில் எதிர்ப்பினால் முடக்கப்பட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் கொட்டகைகளில் இருபதாண்டு தாமதித்துத் திரையிடப்பட்டதால், ஆஸ்கர் போட்டிக்கான தகுதி அதற்கு அப்போதுதான் கிடைத்தது. 1973-இல் அதன் இசைக்காக ரேமண்ட் ராஷ், லாரி ரஸ்ஸல் ஆகியோருடன் சேர்த்து அவருக்குப் பரிசளிக்கப்பட்டது. உதவியாளர் இருவரும் அதற்குள் இறந்து போயிருந்தார்கள். கௌரவப் பரிசுகளை நீக்கிப் பார்த்தால், போட்டியில் வென்று அவர் பெற்ற ஆஸ்கர் அது ஒன்றே.

1976-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், அவர் கடைசியாகச் செய்து முடித்த வேலை 'எ உமன் ஆஃப் பாரிஸ்' என்ற 1923-ஆம் ஆண்டுப் படத்துக்கு இசை அமைத்தது. அவர் இயக்கியும், நாயகனாக நடிக்காத படம் அது. ரயில் நிலையத்தில் பெட்டி சுமப்பவராக ஒரு கணம் தோன்றி மறைவதோடு சரி. வெளிவந்த காலத்தில், சிரிப்பு இல்லையென்று ஜனங்கள் அதைப் புறக்கணித்தார்கள். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் அதை மறக்கவில்லை.